கிரைண்டர் மோட்டாரில் கடைந்த மத்து

என் அம்மாவுக்கு, மாவு வாளி மூடியில் பெயர் எழுதிப் பழகிய அதே கையால் உன் மகள் முத்து எழுதுவது.

முதலில் கண்ணில் பட்டது பொட்டுதான். கிரைண்டரின் முன்பக்கத் தகரத்தில் நீ வைத்த சந்தனப் பொட்டு. அது நடுவில் இல்லை, நாலு விரல் இடப்பக்கம் தள்ளி இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பின்பக்க பால்கனியில் துணி காயப்போடுகிறேன். ஆனால் ஸ்குரூ டிரைவரோடு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் பழுப்பாகியிருந்தது. ஓரத்தில் உன் விரல் ரேகை மூன்று கோடாகத் தெரிந்தது.

ஏன் நடுவில் வைக்கவில்லை? அந்தக் கடைசி ஆயுத பூஜை அன்று நீ என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய். மெலிந்து போயிருந்த கை, ஆனாலும் கனமாக இருந்தது. நான் அசைந்துவிட்டேனோ?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கிரைண்டரைப் பிரித்துவிட்டேன் அம்மா. கல்லும் குழவியும் அப்படியேதான் இருக்கின்றன. மோட்டாரை மட்டும் எடுத்துவிட்டேன். அதில் இப்போது மரம் கடைகிறேன்.

கோபப்படுவதற்கு முன்னால் முழுவதும் கேள்.

நீ போன பிறகு அப்பா உன் சேலைகளைச் சித்தியிடம் கொடுத்தார். கட்டிலைத் திருப்பிப் போட்டார். உன் செருப்பைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். கிரைண்டரை மட்டும் ஓர் அங்குலம் நகர்த்த விடவில்லை. ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிறவர் மாடி ஏறி வந்து கேட்டார். அப்பா கதவைப் பாதி திறந்தபடியே, “அது ஓடுத மெஷின்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது ஓடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போன வருஷம் துக்க வருஷம் என்று பண்டிகை எதுவும் நாங்கள் கொண்டாடவில்லை. அதனால் உன் பொட்டின் மேல் புதுப் பொட்டு விழவில்லை.

ஏன் ஓடவில்லை என்று கேட்பாய். நான் ஓட்டிப் பார்த்தேன். நீ போய் மூன்று மாதம் வரை நானே மாவு ஆட்டினேன். அதே அரிசி, அதே உளுந்து, அதே கல். ஒருநாள் புளிக்கவே மாட்டேன் என்று கல்லாகக் கிடக்கும். மறுநாள் பொங்கி வாளியை விட்டு வழியும். துறைமுகக் குவார்ட்டர்ஸில் நம்மிடம் மாவு வாங்குகிற யாரும் குறை சொல்லவில்லை. “இந்த வாரம் வேண்டாம் முத்து” என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். அதை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். திட்டியிருந்தால் எதையாவது மாற்றிப் பார்த்திருப்பேன்.

பேச்சு உன்னுடையது, தூக்கிக்கொண்டு போவது என்னுடையது என்றுதானே நாம் பிரித்துக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டுவேன், வாளியை நீட்டுவேன், வந்துவிடுவேன். எந்த வாளி எந்த வீட்டுக்கு என்று குழம்பாமல் இருக்க மூடியில் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தாய். இந்தக் கல்கத்தா ஸ்கூலில் இந்தியும் வங்காளியும்தான் இருந்தன. தமிழ் எழுத்து எனக்கு மாவு வாளி மூடியில்தான் வந்தது. இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் அது வாளிகளின் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு உன் நோய்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தது எனக்கு ஒரு சாக்கு அம்மா. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரியும், வராது. பின்னால் இருந்து சிரிப்பார்கள். உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அந்த நிம்மதிக்காக நான் வெட்கப்படுகிறேன். நீ அதற்காக அழுதிருக்க வேண்டாம்.

இனி மத்துக்கு வருகிறேன்.

இந்தச் சித்திரையில் உன் கீரை மத்து உடைந்தது. தலை நடுவில் பிளந்துவிட்டது. நான் மாதக்கணக்காக அதைத் தொடவில்லை. காய்ந்து கிடந்ததால் இருக்கும். அன்று பசலை வாங்கி வந்து கடையப் பார்த்தால், பிளவுக்குள் கீரை போய் மாட்டிக்கொள்கிறது. கரண்டியால் மசித்துப் போட்டேன். அப்பா அதைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் கீரை வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

கிடர்பூர் மார்க்கெட்டில் தேடினேன். கிடைக்கவில்லை. பஸ் ஏறிக் காளிகாட் கோயில் பக்கத்துச் சந்துக்குப் போனேன். அங்கே மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்புக் கடைய, பல் பல்லாக வெட்டிய கோல் ஒன்றைக் காட்டினார்கள். அது கீரையைக் குத்துமே தவிர மசிக்காது. அரைமணி நேரம் பேசாமல் நின்று கொண்டிருந்ததால் கடைக்காரர் என்னைத் திருட வந்தவள் என்று நினைத்திருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தது பூரிக்கட்டைகளை. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் மோதிரம் மாதிரி மூன்று வரி இருந்தது. சுற்றிலும் ஒரே ஆழம், ஆரம்பம் எது முடிவு எது என்று தெரியவில்லை. கையால் செதுக்கினால் இப்படி வராது. கட்டை சுற்ற வேண்டும், உளி ஓர் இடத்தில் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். கடைசல் எந்திரம் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். ஆஸ்பத்திரி மிச்சம் வைத்த பணத்தில் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஒரு வீடியோவில் ஒருவர் வாஷிங் மெஷின் மோட்டாரை எடுத்து லேத் செய்தார். நம் வீட்டில் வாஷிங் மெஷின் இல்லையே என்று பால்கனிப் பக்கம் திரும்பினேன். கிரைண்டர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போதும் தொட்டிருக்க மாட்டேன். அதே வாரம் அப்பா ஒன்று சொன்னார்.

“பூஜை முடிஞ்சதும் ஊருக்குப் போயிரு முத்து. சித்தி வீட்டுல இரு. அங்கன ஜவுளிக்கடையில ஆள் எடுக்காவளாம்.”

“நான் இங்கனயே இருக்கேன்ப்பா.”

“இருந்து என்ன செய்யப் போற? நான் ஷிப்ட்டுக்குப் போனா நீ ஒத்தையில சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்க. அங்கன போனா நாலு பேர்ட்ட பேசிப் பழகலாம்.”

தூத்துக்குடி ஜவுளிக்கடை வாசலில் நின்று, “வாங்கக்கா, என்ன பாக்கிய?” என்று போகிற வருகிறவர்களைக் கூப்பிட வேண்டும். நாலு பேர் இல்லை அம்மா, நாள் முழுக்க. அப்பா மேல் தப்பில்லை. துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வீட்டு நினைப்புதான் இருக்கும். வயசுப் பெண் தனியாக இருக்கிறாள் என்ற பயம். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பூஜைக்குள் என் கையில் ஒரு வேலை இருக்கிறது என்று நான் காட்டினால்தான் வேறு வழி உண்டு. வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்கு வராது. செய்து காட்டத்தான் முடியும்.

அப்பா காலை ஷிப்ட்டுக்குப் போன ஒருநாள் முன்பக்கத் தகரத்தின் நாலு ஸ்குரூவைக் கழற்றினேன். தகரத்தை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கி, பால்கனிச் சுவர் ஆணியில் மாட்டினேன். பொட்டில் என் விரல் படவில்லை. மோட்டாரின் போல்ட் துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருந்து திருகினேன். வயரைப் பிரிக்கவில்லை, சுவிட்சோடு அப்படியே எடுத்தேன். அப்பா வருவதற்குள் தகரத்தை மறுபடி மாட்டிவிடுவேன். வெளியே இருந்து பார்த்தால் கிரைண்டர் கிரைண்டராகவே இருந்தது. இப்படி மூன்று மாதம் அவரை ஏமாற்றினேன்.

மோட்டாரை வைத்துக் கடையும் பெஞ்சுக்குப் பலகை தேடி அலையவில்லை. துறைமுகத்தில் பெட்டி பிரித்த பலகைகளை லாரிக்காரர்கள் சாலையோரம் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவை விறகுக்குப் போகிறவை. விறகுக்காரரிடம் சொல்லி நல்லதாக நாலு பலகை பொறுக்கிக்கொண்டேன். மரத்தின் ஒரு முனையை மோட்டார் பிடிக்க வேண்டும், மறுமுனையை ஒரு கூர் தாங்க வேண்டும். கூருக்கு, முனை தீட்டிய பெரிய போல்ட் ஒன்று போதும். மோட்டார் பக்கத்துக்குத்தான் வெல்டிங் தேவைப்பட்டது.

லாரி ரிப்பேர் சந்தில் எல்லாரும் சாச்சா என்று கூப்பிடுகிற வெல்டிங்காரரிடம் மோட்டாரின் புல்லியையும் ஒரு படத்தையும் நீட்டினேன். புல்லியின் முகத்தில் மூன்று பல் வைக்க வேண்டும் என்று வரைந்திருந்தேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன பண்ணப் போற மகளே? ராக்கெட்டா?” என்று இந்தியில் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

“வாயைத் திறந்தா அதுக்குத் தனிக் காசு கேக்க மாட்டேன்.”

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். சாச்சா அவரை முறைத்தார். “நீ சிரிக்காதே. வாய் ஓயாம பேசுறவன் கொண்டு வர்ற வேலைதான் எப்பவும் திரும்பி வரும். இவ வரைஞ்சு கொண்டு வந்திருக்கா பார்.” பல் மூன்றையும் அளந்து வைத்தார். போகும்போது, உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைக் கையில் வைத்தார். நான் உளி என்று ஒரு மூலையில் வரைந்திருந்ததைக் கவனித்திருக்கிறார். அதை முனை தட்டித் தீட்டியும் கொடுத்தார். அதற்கு மட்டும் நன்றியாக “ஷுக்ரியா சாச்சா” என்றேன். என் குரல் அந்தச் சந்தில் எனக்கே கேட்கவில்லை.

அந்தப் பட்டையை விட்டுவிட்டு வேறொன்றை முதலில் எடுத்ததில் கண்ணை இழக்கப் பார்த்தேன். அதற்கு முன்பே அப்பாவின் பழைய அரத்தை உரசி ஓர் உளி செய்து வைத்திருந்தேன். அதைக் கட்டையில் வைத்ததும் படக்கென்று முறிந்து, ஒரு துண்டு ஜன்னல் கம்பியில் போய் அடித்தது. அரத்தை உளியாக்காதே, அது முறியும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். வீடியோவில் பேசுகிற இடங்களை ஓட்டிவிட்டுத்தான் நான் பார்ப்பேன். அன்றிலிருந்து அவற்றை முழுவதும் கேட்கிறேன். அப்பாவின் பழைய துறைமுகப் பாதுகாப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். பெஞ்சைப் பால்கனிச் சுவரோடு ஒட்டி, மோட்டார் என் இடப்பக்கம் வருகிற மாதிரி வைத்து, போல்ட் எல்லாம் முறுக்கி, சுவிட்சைப் போட்டேன். கட்டை சுற்றியது. ஆனால் தலைகீழாக. என் பக்கம் மேலிருந்து கீழே வர வேண்டும். இது கீழிருந்து மேலே போனது. உளியை வைத்தால் தூக்கி எறிகிறது. பத்து வருஷம் இந்த மோட்டார் ஓடுவதைப் பார்த்தவள் நான். எந்தப் பக்கம் சுற்றும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது. மறுபக்கம் போய் நின்றால் கட்டை சரியாகச் சுற்றும். பெஞ்சைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டு, சுவருக்கும் அதற்கும் நடுவில் நுழைந்து நின்றேன். இப்போது மோட்டார் வலப்பக்கம் வந்தது. உளியின் பிடி தானாக என் இடது கைக்கு வந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா? சாப்பிட வலது கை, யாருக்கும் எதையும் கொடுக்க வலது கை என்று மணிக்கட்டில் தட்டித் தட்டி மாற்றினாய். கிரைண்டரில் மாவு தள்ளும்போது மட்டும் விட்டுவிட்டாய். “அது சுத்துத பக்கத்துக்கு உனக்கு இடது கைதான்ட்டி வாகு. மாவுக்கு அது போதும்” என்றாய். அந்தக் கைக்கு இப்போது இன்னொரு வேலை கிடைத்திருக்கிறது. வலது கைக்காரர்கள் இந்த லேத்தில் நிற்கவே முடியாது அம்மா. என் ஒருத்திக்காகத் தப்பாகச் செய்தது போல அமைந்துவிட்டது.

மரம் கொடுத்தது மிதா காக்கிமா. கீழ் வீட்டு வங்காளி அம்மா, உன் தோசைக்காகவே நம்மோடு சிநேகமானவர். வைகாசிப் புயலில் அவர் வைத்த கொய்யா மரம் சாய்ந்துவிட்டது. வெட்டிப் போட்டிருந்த கிளைகளைக் காட்டி, எடுத்துக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டேன். அடுப்புக்கு என்று நினைத்துத் தலையசைத்தார்.

முதல் மத்து அழகாக வந்தது. இரண்டாம் நாள் தலையில் நட்சத்திரம் மாதிரி வெடித்தது. கிளையை முழுசாகக் கடைந்தால் நடுவில் இருக்கும் மெத்தென்ற சோறு உள்ளேயே இருக்கும், காயும்போது பிளக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கிளையை நடுவில் பிளந்து, அந்தச் சோற்றை ஒதுக்கிவிட்டு, பாதியில் மட்டும் செய்தேன். ஈரம் சீக்கிரம் ஓடிவிடாமல் முனைகளில் மெழுகுவர்த்தியை உருக்கித் தேய்த்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். அப்பா ஒருநாள் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து, “விறகு எதுக்கு?” என்றார். “கொசுவுக்குப் புகை போட” என்றேன். அவர் அதை நம்பினார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இத்தனை நாளும் மோட்டாரைப் பத்துப் பத்து நிமிஷம்தான் ஓட்டினேன், பிறகு பெஞ்சைப் போர்வையால் மூடி அதன் மேல் துணியைக் குவித்துவிடுவேன். ஆவணியில் ஒருநாள் காய்ந்த கொய்யாக்கட்டை ஒன்று கையில் அப்படி வழிந்துகொண்டு வந்தது. சுருள் சுருளாக, உன் வாழைக்காய்ச் சீவல் மாதிரி. நேரத்தை மறந்துவிட்டேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டபோது ஒரு வாளி மாவு ஆடுகிற நேரம் ஆகியிருந்தது.

திறந்தால், தூக்குவாளியோடு ஜெயா ஆன்ட்டி. அவர் முதல் மாடியில் இருக்கிறாரே, ஞாபகம் இருக்கும். பின்னால் ஒரு சம்படத்தோடு மிதா காக்கிமா.

“என்னடி முத்து, ஒரு வார்த்தை சொல்லல? மெஷின் சத்தம் கேட்டதும் எங்க வீட்டுக்காரர், போ போ, தீர்ந்துடப் போகுதுன்னு துரத்துறார்” என்று ஆன்ட்டி தூக்கை நீட்டினார்.

“எனக்கு இட்லி வேண்டாம். தோசைக்கு மட்டும் கொஞ்சம்” என்று காக்கிமா வங்காளியில் சொல்லிச் சம்படத்தைத் திறந்தார்.

ஆன்ட்டி என்னைக் கூர்ந்து பார்த்தார். “இதென்ன, தலையெல்லாம் தூளு? என்ன அரிசி வாங்கினே?”

“மாவு இல்ல ஆன்ட்டி.”

“அப்புறம் என்ன ஆடுது?”

“கொய்யா மரம்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காக்கிமாவிடம் வங்காளியில், “உங்கள் மரம்தான்” என்றேன். அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால் மாடிப்படியில் அப்பா நிற்பதைப் பார்த்தேன்.

கப்பல் தாமதம் என்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். கேட்டிலிருந்தே சத்தம் கேட்டிருக்கிறது. மூன்று மாடியையும் நிற்காமல் ஏறியிருக்கிறார். மூச்சு வாங்கியது, சட்டை நனைந்திருந்தது. யார் ஆட்டுவதாக நினைத்துக்கொண்டு ஏறினார் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க முடியுமா அம்மா?

யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். ஆணியில் மாட்டியிருந்த தகரத்தைப் பார்த்தார். வயிறு திறந்து கிடந்த கிரைண்டரைப் பார்த்தார். பெஞ்சில் மோட்டாரைப் பார்த்தார். வாசலில் இருந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டார்கள்.

“கேட்டிருக்கலாம்லா” என்றார் அப்பா.

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பிய.”

“ஆமா. சொல்லித்தான் இருப்பேன்.”

ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். திருப்பி மாட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பிறகு அவரே சொன்னார்.

“போடு.”

“எதைப்பா?”

“மோட்டாரை.”

போட்டேன். அதே உறுமல். நம் வீட்டின் எல்லாக் காலையிலும் இருந்த உறுமல். அப்பா தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினேன்.

“யாரு நிறுத்தச் சொன்னா?”

மறுபடி போட்டேன். சும்மா ஓடுகிற மோட்டார் முன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை. சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் போய், பாதியில் விட்ட மத்தை எடுத்து மாட்டினேன். தலையை உருட்டினேன், கழுத்தை ஒடுக்கினேன், காம்பில் மோதிரம் மாதிரி மூன்று வரி போட்டேன். உளி பட்டதும் சத்தம் மாறுகிறது, எடுத்ததும் பழைய சத்தம் வருகிறது. அப்பா எப்போது கண்ணைத் திறந்தார் என்று நான் பார்க்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தபோது அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

மத்தைத் திருப்பிப் பார்த்தார். “உங்கம்மா மத்து மாதிரி இல்லையே. தலை பெருசு.”

“கீரை சீக்கிரம் மசியும்.”

“நீயா செஞ்ச?” என்றார். நான் செய்ததைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு இந்தக் கேள்வி. கடையும்போது என் கை இடது கை என்பதைக் கவனித்தாரா என்று தெரியாது. ஷூவைக் கழற்றாமலே கீழே இறங்கிப் போனவர், ஒரு கட்டுப் பசலையோடு திரும்பி வந்தார்.

புது மத்தை இரண்டு நாள் கழுநீரில் ஊறப்போட வேண்டும் என்று நீ சொல்வாய். தெரியும். அன்று நான் காத்திருக்கவில்லை. வெந்நீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான். பூண்டு, மிளகாய் போட்டு வேகவைத்துக் கடைந்தேன். அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். “உப்பு கம்மி” என்றார். உன்னிடம் சொல்வாரே, அதே குரல்.

ஒரு வாரம் கழித்து, ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னார்: “சித்திக்கு போன் போட்டேன். பொங்கலுக்கு ரெண்டு பேருமா வந்துட்டு ரெண்டு பேருமா திரும்புதோம்னு சொல்லிட்டேன்.” நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். எனக்கு அழும்போதும் சத்தம் வராது, உனக்குத் தெரியுமே.

மிதா காக்கிமா லுச்சிக்கு ஒரு பூரிக்கட்டை கேட்டார். அவர் மரத்திலேயே செய்து கொடுத்தேன். அதை முகர்ந்து பார்த்தார், காய்ந்த கட்டையில் கொய்யா வாசம் வராது என்று எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. ஜெயா ஆன்ட்டிக்கு ஒரு மத்து, அவர் தங்கைக்கு ஒன்று. “என்ன விலைடி?” என்று கேட்டால் இன்னும் எனக்கு வாய் வருவதில்லை. அவர் கொண்டு வந்த தூக்கின் மூடியில் எழுதிக் காட்டுகிறேன். “உங்கம்மா இருந்தா இதுக்கு டபுளா வாங்கியிருப்பா” என்று சிரிக்கிறார். அது உண்மைதான்.

வேலை பெரிதாக வளர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஐந்தாறு சாமான்தான். பாதி இன்னும் வெடிக்கிறது. ஆனால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்.

விஸ்வகர்மா பூஜைக்கு ஒரு லீவு, ஆயுத பூஜைக்கு ஒரு லீவு, கல்கத்தாவுக்கு வந்ததால் கிரைண்டருக்கு வருஷத்தில் இரண்டு லீவு என்று சொல்லிச் சிரிப்பாயே. இந்த வருஷமும் இரண்டு லீவும் கொடுத்தோம். நேற்று ஆயுத பூஜை. அப்பா சந்தனம் குழைத்து வைத்து, “நீயே வையி” என்றார். பழக்கத்தில் இடது கை எழுந்தது. மாற்றி, வலது கையால்தான் வைத்தேன், நீ பதற வேண்டாம். மோட்டாருக்கு ஒன்று, உளிக்கு ஒன்று. தகரத்தில் உன் பொட்டின் மேல் வைக்க மனசு வரவில்லை. அதன் வலப்பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது நடுவில் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

அடுத்து உன் பழைய மத்தின் அளவிலேயே ஒன்று கடைந்து, உன் திதிக்குக் கீரையோடு வைக்கிறேன். தலை பெருசு என்று அப்பா சொல்லாதபடி அளந்து செய்வேன். கிரைண்டர் ஓடும்போதெல்லாம் பின்னலைத் தூக்கிக் கட்டு என்று கத்துவாயே, அதையும் மறக்கவில்லை. தூக்கிக் கட்டாமல் ஒருநாளும் சுவிட்சைத் தொட மாட்டேன். துப்பட்டாவும் கதவுக் கொக்கியில்தான் தொங்கும். இது சத்தியம்.

இன்று விஜயதசமி. கீழே பந்தலில் மேளம் அடிக்கிறார்கள். அப்பா ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். இதை மடித்து உன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, பின்னலைத் தூக்கிக் கட்டினேன். சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் போய் நின்றேன். சுவிட்சைப் போட்டேன், சத்தத்துக்கு இடையில், மெஷின் ஓடுகிறது என்று உனக்குச் சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்து, நிறுத்திவிட்டு, படத்துக்குப் பின்னால் இருந்து இதை எடுத்து இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். மறுபடி போடப் போகிறேன்.

உன் வாளிகளைத் தூக்கிய மகள்,
முத்துச்செல்வி